மலையில் ரூபி: வாசகர் கேள்வி–பதில்

ரூபி நிரல்மொழி, அதில் இணையதளம் கட்ட உதவும் ரெயில்ஸ் சட்டகம் ஆகியவை பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் மேற்கோள் குறிக்குள் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை வழக்கம்போல் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

கே: என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். ரூபியை விண்டோஸிலேயே போடலாமா, லினக்ஸ்தான் வேண்டுமா? ஒருமுறை உபுண்டுவில் முயன்றபோது ‘சைக்’ என்று ஏதோ பிழை வந்து நின்றுவிட்டது.
— பட்டதாரி வாசகி, குன்னூர்

ப: ரூபி மொழியை மட்டும் பழக வேண்டுமென்றால் விண்டோஸுக்கான ரூபி இன்ஸ்டாலர் போதும். ரெயில்ஸ் வரை போகப்போகிறீர்கள் என்றால் விண்டோஸுக்குள்ளேயே ஓடும் லினக்ஸான டபிள்யூஎஸ்எல் நல்லது. பின்னாளில் உங்கள் தளம் ஓடப்போவது லினக்ஸ் சர்வரில்தான். அங்கே வரக்கூடிய சிக்கல்களை இங்கேயே பார்த்துப் பழகிவிடலாம்.

பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து ‘டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்’ கொடுத்து, கணினியை மறுபடி தொடங்கினால் உபுண்டு வந்துவிடும். அதன் நிறுவல் கருவியான ‘ஆப்ட்’ வழியாகவே ரூபியைப் போட்டுவிடும் ஆசை வரும். வேண்டாம். உபுண்டு 22.04 தருவது ரூபி 3.0, ரெயில்ஸ் 8 கேட்பதோ குறைந்தது 3.2. 24.04-இல் 3.2 கிடைக்கிறது. ஆனால் அங்கே ஜெம் (ரூபிக்கான துணைத் தொகுப்பு) போடும்போது அனுமதி மறுக்கப்பட்டு, பலரும் நிர்வாகி அனுமதி தரும் ‘சூடோ’ போட்டு நிறுவி, பிறகு எந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ரூபிப் பதிப்புகளை நிர்வகிக்கும் ஆர்பிஎன்வ் அல்லது மீஸ், இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டால் ரூபி உங்கள் ஹோம் கோப்புறைக்குள்ளேயே இருக்கும், சூடோவுக்கு வேலை இல்லை. ஆர்பிஎன்வையும் ஆப்ட் வழியாகப் போடாமல் கிட்ஹப்பிலிருந்து எடுங்கள். ஆப்டில் கிடைப்பது பழையது, புதிய ரூபிப் பதிப்புகள் அதன் பட்டியலிலேயே இருக்காது.

உங்களுக்கு வந்த ‘சைக்’ பிழைக்குக் காரணம் இது: அமைப்பு விவரங்கள் எழுதும் யாமல் கோப்புகளைப் படிக்கும் ரூபியின் பகுதிக்குப் பெயர் சைக். அதற்குத் தேவையான லிப்யாமல் நூலகத்தின் மூலநிரலை ரூபி 3.2 முதல் தன்னோடு சேர்த்துத் தருவதில்லை, கணினியில் அது ஏற்கெனவே இருக்க வேண்டும். ரூபியைத் தொகுக்கும் முன் ஆப்ட் வழியாக இவற்றை நிறுவுங்கள்: ‘பில்ட்-எசென்ஷியல்’, ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’, ‘லிப்யாமல்-டெவ்’, ‘லிப்எஃப்எஃப்ஐ-டெவ்’, ‘லிப்ரீட்லைன்-டெவ்’, ‘இசட்லிப்1ஜி-டெவ்’. அடுத்து ரூபியைத் தொகுக்கும் கட்டளையில் கொஞ்ச நேரம் திரை அசையாமல் நிற்கும். பழைய லேப்டாப்பில் அரை மணிகூட ஆகலாம். தொங்கிவிட்டது என்று கண்ட்ரோல்-சி அழுத்திவிடாதீர்கள். ‘ஆர்பிஎன்வ் இன்ஸ்டால்’ கட்டளையோடு ‘-வி’ சேர்த்தால் நடப்பது தெரியும்.

முடிந்ததும் ‘விச் ரூபி’ கொடுத்துப் பாருங்கள். விடையில் உங்கள் ஹோம் கோப்புறையின் பெயர் இல்லாமல் ‘யூஎஸ்ஆர் பின்’ என்று வந்தால், ‘ஆர்பிஎன்வ் இனிட்’ தந்த வரி பாஷ்-ஆர்சி கோப்பில் சேரவில்லை, அல்லது சேர்த்தபின் டெர்மினலை மூடித் திறக்கவில்லை.

இன்னும் இரண்டு. திட்டக் கோப்புறையை உபுண்டுவின் ஹோமுக்குள் வையுங்கள். சி டிரைவில் வைத்தால் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு இயங்குதளங்களுக்கு இடையே கடத்த வேண்டியிருக்கும், ரெயில்ஸ் ஊர்ந்துதான் எழும். டபிள்யூஎஸ்எல் தானாக எடுத்துக்கொள்ளும் நினைவகம் அதிகபட்சம் மொத்தத்தில் பாதி, அதாவது உங்கள் கணினியில் 4 ஜிபி. ரெயில்ஸுக்கு அது தாராளம்.

கே: எந்த எடிட்டர் நல்லது?
— வாசகர், உதகை

ப: விஎஸ் கோடும் ஷாப்பிஃபை நிறுவனம் வெளியிடும் ரூபி எல்எஸ்பி நீட்சியும் போதும். டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்கள் விஎஸ் கோடில் ‘டபிள்யூஎஸ்எல்’ நீட்சியையும் சேர்த்துக்கொண்டு, உபுண்டு டெர்மினலில் திட்டக் கோப்புறைக்குள் நின்று ‘கோடு .’ என்று திறக்க வேண்டும். விண்டோஸ் பக்கமிருந்து திறந்தால் ரூபி எல்எஸ்பி விண்டோஸில் ரூபியைத் தேடி, கிடைக்காமல் சிவப்பு அறிவிப்பு காட்டும். “ரூபி எல்எஸ்பி வேலை செய்யவில்லை” என்று வரும் புகார்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கே: ஆடி மாத மழையில் எங்கள் பக்கம் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும், சில சமயம் இரண்டு மூன்று நாள். அந்த நாள்களில் ரூபி படிக்கவோ வேலை செய்யவோ வழி உண்டா?
— வாசகர், பந்தலூர்

ப: தாராளமாக உண்டு. நெட் இருக்கும் நாளில் சில வேலைகளை முடித்துவைத்தால் போதும்.

ஆவணங்களிலிருந்து தொடங்குவோம். ரூபியின் சொந்த ஆவணம் ரூபியோடேயே வருகிறது. டெர்மினலில் ‘ஆர்ஐ அர்ரே’ என்று அடித்தால் அர்ரே வகுப்பின் விளக்கம் முழுவதும் திரையில். ரூபியை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் ஐஆர்பிக்குள் ‘ஷோ_சோர்ஸ்’ கட்டளை, ரூபியில் எழுதிய ஒரு மெத்தட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையே காட்டும். ரெயில்ஸ் ஆவணத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் திட்டத்துக்கு வேண்டிய ஜெம்களை நிறுவும் பண்ட்லர் கருவி அவற்றின் ஆவணத்தை உருவாக்குவதில்லை. ஜீல் என்ற இலவச மென்பொருளில் ரூபி, ரெயில்ஸ் ஆவணத் தொகுப்புகளை இறக்கிக்கொள்ளலாம். டெவ்டாக்ஸ் தளத்தில் ‘ஆஃப்லைன்’ பகுதிக்குப் போய் அதே இரண்டையும் பிரவுசருக்குள் சேமித்துக்கொள்ளலாம். ரெயில்ஸ் கைடுகள் எல்லாம் ரெயில்ஸின் கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) களஞ்சியத்தில் ‘கைட்ஸ்’ கோப்புறையில் எளிய உரைக் கோப்புகளாகவே இருக்கின்றன. முழு வரலாற்றையும் இழுக்காமல் ‘கிட் குளோன் --டெப்த் 1’ கொடுத்தால் இறக்கம் வெகுவாகக் குறையும்.

அடுத்தது ஜெம்கள். ஒவ்வொரு திட்டத்திலும் ‘பண்டில் கேஷ்’ ஓட்டினால் அந்தத் திட்டத்துக்கு வேண்டிய ஜெம் கோப்புகள் எல்லாம் ‘வெண்டர்’ கோப்புறைக்குள் ‘கேஷ்’ என்ற இடத்தில் வந்து உட்காரும். அதற்குப் பிறகு ‘பண்டில் இன்ஸ்டால் --லோக்கல்’ நெட்டைத் தொடவே தொடாது. பென் டிரைவில் நண்பருக்குக் கொடுத்தாலும் நடக்கும், ஆனால் இருவர் இயங்குதளமும் ஒன்றாக இருக்க வேண்டும். நோகோகிரி போன்ற ஜெம்கள் இயங்குதளத்துக்கு ஏற்ப முன்கூட்டியே தொகுக்கப்பட்டு வருபவை.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் புதிய திட்டம் தொடங்கும் ‘ரெயில்ஸ் நியூ’. அது ஓடும்போதே ஜெம்களை இறக்கப் பார்க்கும். ‘--ஸ்கிப்-பண்டில்’ சேர்த்தால் நெட் இல்லாமலும் கோப்புகள் உருவாகும். ஆனால் தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பகுதிகளான இம்போர்ட்மேப், டர்போ, ஸ்டிமுலஸ் ஆகியவற்றின் நிறுவல் படிகளும் கூடவே விடுபட்டுப்போகும். லோக்கலாக பண்டில் செய்தபின் ‘பின்/ரெயில்ஸ் இம்போர்ட்மேப்:இன்ஸ்டால்’, ‘டர்போ:இன்ஸ்டால்’, ‘ஸ்டிமுலஸ்:இன்ஸ்டால்’ மூன்றையும் கையால் ஓட்டுங்கள். பக்கத்துக்கு வடிவமைப்பு தரும் பூட்ஸ்டிராப்பை வெளித்தள முகவரியிலிருந்து இணைத்திருந்தால் நெட் போனதும் பக்கம் ஆடை களைந்து நிற்கும். கோப்பை இறக்கி ‘வெண்டர்’ கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் திடீரென்று போய் வந்தபின் ரெயில்ஸ் சர்வர் சில சமயம் ‘ஏற்கெனவே ஒரு சர்வர் ஓடுகிறது’ என்று அடம்பிடிக்கும். முன்பு ஓடிய சர்வர் தன் எண்ணை எழுதிவைத்த கோப்பை அழிக்காமலே செத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ‘டெம்ப்’ கோப்புறையில் ‘பிட்ஸ்’ என்பதற்குள் இருக்கும் ‘சர்வர்.பிட்’ கோப்பை நீக்குங்கள். நீக்கும் முன் வேறு டெர்மினலில் உண்மையிலேயே சர்வர் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸைப் பற்றிக் கவலை வேண்டாம். எஸ்க்யூலைட்டும் போஸ்ட்கிரெஸும் பாதியில் நின்ற எழுத்தை அடுத்த முறை திறக்கும்போது தாமே சரிசெய்துகொள்ளும். கிட்டில்தான் அபூர்வமாகக் காலியான கோப்புகள் மிஞ்சும். ‘கிட் எஃப்எஸ்சிகே’ அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

கே: ரூபி ஆன் ரெயில்ஸ் வகுப்புக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். சேரலாமா? இலவசமாகக் கற்க எங்கே தொடங்குவது? இதற்கு இன்னும் வேலை இருக்கிறதா?
— கல்லூரி மாணவர், கொடைக்கானல்

ப: பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பதில் மூன்று மாதம் செலவழித்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு வகுப்புக்கான தேவை அதற்குள் தீர்ந்துவிடும்.

முதல் வாரம் ரூபியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள ‘ட்ரை ரூபி’. எதையும் நிறுவ வேண்டாம், போனிலேயே ஓடும். பிறகு எக்ஸர்சிசம் தளத்தின் ரூபிப் பாதை. சிறு சிறு கணக்குகளாக வரும், நீங்கள் எழுதியதைச் சோதனைகள் சரிபார்க்கும், தன்னார்வலர்கள் படித்துத் திருத்தமும் சொல்வார்கள். இந்தத் திருத்தம்தான் அங்கே உள்ள பெரிய லாபம். சோதனை தேறிவிட்டது என்று அடுத்ததுக்குத் தாவிவிடாமல், அதே கணக்குக்கு மற்றவர்கள் எழுதிய விடைகளைப் படியுங்கள். பத்து வரி லூப்பை ‘ஈச்_ஸ்லைஸ்’, ‘டாலி’, ‘குரூப்_பை’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். ரூபியின் கைப்பக்குவம் அங்கேதான் பிடிபடும்.

அடுத்து ஓடின் ப்ராஜெக்ட் தளத்தின் ரெயில்ஸ் பாதை. எச்டிஎம்எல்லிலிருந்து தொடங்கி முழுத் திட்டங்கள் வரை போகும். நீளமானது, அவசரப்பட்டுப் பயனில்லை. கூடவே ரெயில்ஸ் கைடுகளில் தொடக்கப் பாடம். ரெயில்ஸ் 8-க்காக ஒரு சிறு கடையைக் கட்டும் பாடமாக அதைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். அதை ஒருமுறை அப்படியே செய்துவிட்டு, இரண்டாம் முறை பாடத்தைப் பார்க்காமல், கடைக்குப் பதிலாக மலைப்பூண்டு வாங்கும் வியாபாரியின் கணக்கு, பேரிக்காய் தோட்டத்து ஆள் கூலி என்று உங்கள் ஊர்ப் பொருளை வைத்துக் கட்டுங்கள். கற்றது நின்றதா இல்லையா என்பது இரண்டாம் முறையில் தெரிந்துவிடும்.

மாநாட்டு உரைகள் ரூபிஈவென்ட்ஸ் தளத்தில் தொகுக்கப்பட்டிருக்கின்றன, ரூபிகான்ஃப் இந்தியா உரைகளும் அங்கே தேடினால் கிடைக்கும். ஆனால் முதல் மூன்று மாதத்தில் உரை கேட்பது நேர விரயம்.

வேலை: கிட்ஹப், ஷாப்பிஃபை இரண்டும் ரெயில்ஸில் எழுந்தவை. சென்னையில் தொடங்கி 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃபிரெஷ்வொர்க்ஸின் முதல் தயாரிப்பான ஃபிரெஷ்டெஸ்கும் அப்படியே. ஜாவா, பைத்தானோடு ஒப்பிட்டால் வேலை எண்ணிக்கை குறைவு, புதியவர்களுக்கான இடம் அதிலும் குறைவு. ஆகவே ரூபி மட்டும் தெரிந்தவராக நிற்காதீர்கள். எஸ்க்யூஎல், லினக்ஸ், கிட் மூன்றும் எந்த மொழிக்குப் போனாலும் கூடவே வரும்.

கே: வீடியோ பாடத்தில் உள்ளபடியே அடிக்கிறேன், ஆனாலும் ஓடவில்லை. நீக்கு பொத்தானை அழுத்தினால் நீக்காமல் விவரப் பக்கம் திறக்கிறது. படிவத்தில் தவறு இருந்தால் எந்தச் செய்தியும் வருவதில்லை.
— வாசகி, தாண்டிக்குடி

ப: பாடம் பழையது, நீங்கள் நிறுவியது புதியது. இரண்டும் டர்போவின் வேலை. ரெயில்ஸ் 7 முதல் புதிய திட்டங்களில் டர்போ தானாக வருகிறது. பழைய ‘மெத்தட்: :டெலீட்’ என்ற குறிப்பைப் புரிந்துகொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் இப்போது இல்லை. ஆகவே இணைப்பு சாதாரண ‘கெட்’ கோரிக்கையாகப் போய் விவரப் பக்கத்தைத் திறக்கிறது. ‘டேட்டா’வுக்குள் ‘டர்போ_மெத்தட்: :டெலீட்’ என்று எழுதுங்கள், அல்லது இணைப்பை விட்டுவிட்டு ‘பட்டன்_டு’ பயன்படுத்துங்கள். பின்னது மேல். நீக்கிய பின் வேறு பக்கத்துக்கு அனுப்பும் ‘ரீடைரக்ட்_டு’ வரியில் ‘ஸ்டேட்டஸ்: :சீ_அதர்’ சேருங்கள்.

படிவத்தில் பிழை இருக்கும்போது பதில் 200 என்ற நிலை எண்ணோடு போனால் டர்போ அதைக் காட்டாது. ‘ரெண்டர் :நியூ’ வரியில் ‘ஸ்டேட்டஸ்: 422’ சேர்த்தால் செய்தி தோன்றும்.

பாடத்தின் வயதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்: ‘பிஃபோர்_ஃபில்டர்’ வந்தால் அது ரெயில்ஸ் 5.1-க்கு முந்தையது. ‘அப்டேட்_ஆட்ரிபியூட்ஸ்’ 6.1-இல் நீக்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்டைத் தொகுத்துத் தந்த வெப்பேக்கர் 2022-இல் ஓய்வு பெற்றது. ‘ஆட்ர்_ஆக்ஸசிபிள்’ கண்ணில் பட்டால் வீடியோவை மூடிவிடலாம், அது ரெயில்ஸ் 3 காலத்துச் சரக்கு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டு வாங்கும் நிரலிலும் இதே பழம்பெயர்கள் தலைகாட்டும். கேள்வியிலேயே உங்கள் ரெயில்ஸ் பதிப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

கே: ஆறு அறை உள்ள ஹோம்ஸ்டேக்கு ரெயில்ஸில் புக்கிங் தளம் செய்து கொடுத்தேன். மே மாத சீசனில் ஒரே அறை ஒரே இரவுக்கு இரண்டு பேருக்குப் போய்விட்டது. மாடலில் வேலிடேஷன் வைத்திருந்தும் எப்படி நடந்தது?
— வாசகர், கோத்தகிரி

ப: வேலிடேஷன் செய்வது இது: “இந்தத் தேதியில் யாராவது இருக்கிறார்களா?” என்று டேட்டாபேஸைக் கேட்கும், இல்லை என்றால் எழுதும். கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே சில மில்லி விநாடிகள். அந்த இடைவெளியில் இன்னொருவரும் கேட்டால் அவருக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும். இருவரும் எழுதிவிடுவார்கள். ரூபி நிரலில் எவ்வளவு கவனமாக எழுதினாலும் இந்த ஓட்டை அடையாது, டேட்டாபேஸ்தான் அடைக்க வேண்டும்.

ஆறு அறைக்கு எளிய வழி இது. புக்கிங் அட்டவணை தவிர ‘இரவுகள்’ என்று இன்னோர் அட்டவணை வையுங்கள். ஒரு வரிக்கு அறை எண், ஒரு தேதி, புக்கிங் எண். மூன்று இரவு தங்கினால் மூன்று வரி. அறை எண், தேதி இரண்டையும் சேர்த்து, அதே ஜோடி இருமுறை வராமல் தடுக்கும் ஒரு யூனிக் இண்டெக்ஸ். புக்கிங்கையும் இரவுகளையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் எழுதுங்கள். இரண்டாமவர் எழுத வரும்போது ‘ரெக்கார்டு நாட் யூனிக்’ பிழை எழும், மொத்தமும் பின்வாங்கும். அந்தப் பிழையைப் பிடித்து “அந்த அறை இப்போதுதான் போனது” என்று காட்டுங்கள். ரத்து என்றால் இரவு வரிகளை மட்டும் நீக்குங்கள், புக்கிங் வரி கணக்குக்காக இருக்கட்டும். எஸ்க்யூலைட்டிலும் போஸ்ட்கிரெஸிலும் இது ஒன்றுபோல் நடக்கும்.

போஸ்ட்கிரெஸ் மட்டுமே என்றால் இன்னொரு வழியும் உண்டு. ‘பிட்ரீ_ஜிஸ்ட்’ நீட்சியைப் போட்டு, ரெயில்ஸ் 7.1 முதல் உள்ள ‘ஆட்_எக்ஸ்க்ளூஷன்_கன்ஸ்ட்ரெயின்ட்’ மூலம் ஒரே அறையின் தேதி வரம்புகள் மேற்பொருந்தக் கூடாது என்று டேட்டாபேஸுக்கே சொல்லிவிடலாம். ‘டேட்ரேஞ்ச்’ இயல்பாகவே தொடக்க நாளைச் சேர்த்து, முடிவு நாளை விட்டுவிடும். ஆகவே ஒருவர் காலையில் காலிசெய்யும் நாளிலேயே அடுத்தவர் மதியம் வரலாம். அழகான ஏற்பாடுதான், ஆனால் ரத்தான புக்கிங்கை விலக்க நிபந்தனை எழுத வேண்டும். ஆறு அறைக்கு முதல் வழியே போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று. ‘டேட்.டுடே’ எங்காவது எழுதியிருந்தால் ‘டேட்.கரன்ட்’ என்று மாற்றுங்கள். சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடும். நம் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே அது நேற்றைய தேதியையே சொல்லும். ‘கான்ஃபிக்.டைம்_ஜோன்’ மதிப்பாக ‘சென்னை’ என்றே எழுதலாம், ரெயில்ஸின் நேரப் பட்டியலில் சென்னை இருக்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டதால் அந்த எண்ணையும் படிவத்தில் வாங்க நினைப்பீர்கள். வாங்குங்கள், ஆனால் கட்டாயப் புலமாக வைக்காதீர்கள். அறை உறுதியான பிறகுதான் பலர் பாஸே எடுப்பார்கள்.

கே: தமிழில் ஓடும் தளம் ஒன்று செய்கிறோம். பெயர் நீளம் தப்பாக வருகிறது, அகரவரிசை கலைகிறது, முகவரியில் பெயரே வருவதில்லை, பிடிஎஃப் ரசீதில் எழுத்து உடைகிறது. ரூபிக்குத் தமிழ் தெரியாதா?
— இரண்டு வாசகர்கள், உதகை

ப: தெரியும். நான்கு சிக்கலுக்கும் காரணம் வெவ்வேறு.

நீளம்: ‘லெங்த்’ எண்ணுவது யுனிகோடு குறியீடுகளை. ‘நீலகிரி’யில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, குறியீடு ஏழு, யுடிஎஃப்-8 பைட் இருபத்தொன்று. நமக்கு வேண்டியது ‘கிராஃபீம்_கிளஸ்டர்ஸ்’, அது நான்கு என்று சரியாகச் சொல்லும். ‘ட்ரன்கேட்’ செய்யும்போதும் இதே கோளாறு. புள்ளியையோ கொம்பையோ தனியே வெட்டிவிடும். கிளஸ்டர்களில் முதல் இருபதை எடுத்து ‘ஜாய்ன்’ செய்யுங்கள்.

இதோடு சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோளாறு: ‘கொடைக்கானல்’ என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ரூபி ஒப்பிட்டால் ‘ஃபால்ஸ்’. ஒரே ஊர் பட்டியலில் இரண்டு முறை வந்தால் இதைச் சந்தேகியுங்கள். சேமிக்கும் முன் ‘யுனிகோட்_நார்மலைஸ்’ ஓட்டினால் தீர்ந்தது. ரெயில்ஸ் 7.1 முதல் மாடலிலேயே ‘நார்மலைஸஸ்’ என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். தேடல் பெட்டியில் வரும் சொல்லுக்கும் அதைச் செய்ய மறக்காதீர்கள்.

அகரவரிசை: யுனிகோடில் றகரம் ரகரத்தை அடுத்து, லகரத்துக்கு முன்னால் இருக்கிறது. னகரம் நகரத்தை ஒட்டி இருக்கிறது. ஆகவே ‘சார்ட்’ செய்தால் அறிவழகன் முன்னால், அலமேலு பின்னால். நம் வரிசையில் அலமேலுதான் முன்னால். போஸ்ட்கிரெஸில் ‘டிஏ-எக்ஸ்-ஐசியூ’ என்ற வரிசைமுறை தயாராகவே இருக்கிறது. டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கோப்பில் அந்த நெடுவரிசைக்கு ‘கொலேஷன்’ மதிப்பாக அதைக் கொடுங்கள். எஸ்க்யூலைட்டில் இந்த வசதி இயல்பாக இல்லை. தமிழ் எழுத்துகளை நம் வரிசைப்படி ஒரு பட்டியலாக வைத்து, ‘சார்ட்_பை’யில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் இட எண்ணைக் கொடுக்க வேண்டும்.

முகவரி: ‘பாராமீட்டரைஸ்’ லத்தீன் எழுத்து, எண், கோடு தவிர மற்றதை எறிந்துவிடும். தமிழ்ப் பெயர் கொடுத்தால் மிஞ்சுவது வெற்றுச் சரம். தமிழையே முகவரியில் வைக்கத் தடையில்லை. ஆனால் வாட்ஸ்ஆப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியக்கூடும், ‘கொடைக்கானல்’ மட்டும் 99 எழுத்து. எண்ணோடு ஆங்கில ஒலிப்புப் பெயர் ஒன்றைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

பிடிஎஃப்: நீங்கள் பயன்படுத்துவது ப்ரான் ஜெம்மாக இருக்கும். அது எழுத்துருவிலிருந்து வடிவங்களை வந்த வரிசையிலேயே அடுக்கும். தமிழுக்கு வேண்டிய இடமாற்றம் அதற்குத் தெரியாது. ஆகவே ‘டை’ எழுதினால் ஐகாரக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் சரியாகாது. ரசீதை எச்டிஎம்எல்லாக எழுதி, ஃபெரம் ஜெம் வழியாகக் குரோம் பிரவுசரைக் கொண்டு பிடிஎஃப் ஆக்குங்கள். சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’ தொகுப்பை நிறுவுங்கள். குரோம் நினைவகத்தை விழுங்கும், அதனால் பின்னணி வேலையாக ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள்.

ரூபாய்க் கணக்கில் 1,23,456 என்று நம் முறையில் காற்புள்ளி வேண்டுமென்றால் ‘நம்பர்_டு_டெலிமிட்டட்’ மெத்தடுக்கு ‘டெலிமிட்டர்_பேட்டர்ன்’ என்ற விருப்பம் இருக்கிறது. எழுத வேண்டிய வடிவம் அதன் ஆவணத்திலேயே எடுத்துக்காட்டாக உள்ளது.

கே: பச்சைத் தேயிலை எடைக் கணக்கு வைக்க ரெயில்ஸில் ஒரு மென்பொருள். முந்நூறு விவசாயிகள். மாத மொத்தம் காட்டும் பக்கம் திறக்கவே பல விநாடி ஆகிறது. ‘இன்க்ளூட்ஸ்’ போட்டும் வேகம் கூடவில்லை.
— வாசகர், மஞ்சூர்

ப: விவசாயி ஒவ்வொருவருக்கும் ‘எடைகள்.சம்(:கிலோ)’ என்று எழுதியிருப்பீர்கள். அடைப்புக்குள் நெடுவரிசைப் பெயர் கொடுத்தால் ‘சம்’ எப்போதும் டேட்டாபேஸுக்கே போகும், தரவு முன்பே நினைவகத்தில் இருந்தாலும் சரி. ஆக ‘இன்க்ளூட்ஸ்’ எல்லா எடை வரிகளையும் ஏற்றிவைத்தது, அதற்கு மேல் முந்நூறு வினவலும் போனது. சுமை கூடியதுதான் மிச்சம்.

விவசாயியை விட்டு எடை அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். அந்த மாதத் தேதிகளுக்கு ‘வேர்’, பிறகு ‘குரூப்(:விவசாயி_எண்)’, பிறகு ‘சம்’. ஒரே வினவலில் விவசாயி எண்ணும் மொத்தக் கிலோவும் கொண்ட ஹாஷ் கிடைக்கும். வியூவில் அதிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். விவசாயி எண், தேதி இரண்டுக்கும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போடுங்கள். கிலோவும் விலையும் ‘ஃப்ளோட்’ ஆக இருந்தால் ‘டெசிமல்’ ஆக மாற்றுங்கள், இல்லாவிட்டால் பட்டுவாடா நாளில் பைசா உதைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க புல்லட் ஜெம்மைப் பலர் சொல்வார்கள். நல்ல கருவி, ஆனால் இந்த ‘சம்’ வகையைப் பிடிக்காது. ரேக்-மினி-ப்ரொஃபைலர் பக்கத்தின் மூலையில் நேரத்தைக் காட்டும், அழுத்தினால் வினவல்கள் வரிசையாக விரியும். எதையும் நிறுவாமலே லாகைப் படிக்கலாம்: ரெயில்ஸ் 7.2 முதல் ஒவ்வொரு கோரிக்கையின் கடைசி வரியிலும் எத்தனை வினவல் என்று இருக்கும். உங்கள் கணினியில் ஐந்து விவசாயிகளை வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. ‘சீட்ஸ்’ கோப்பில் முந்நூறு பேரையும் ஆறு மாத எடையையும் உருவாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கே: மாத வாடகை குறைவான 1 ஜிபி சர்வரில் ரெயில்ஸ் 8 ஓடுமா? கமல் என்ற கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இமேஜ் மேலேறவே ஒரு மணி நேரம் ஆகிறது.
— வாசகர், பண்ணைக்காடு

ப: ஓடும். சிறு தளத்துக்கு எஸ்க்யூலைட், பின்னணி வேலைகளை ஓட்டும் சாலிட் க்யூ எல்லாம் ஒரே சர்வரில் அடங்கும். மும்பை, பெங்களூரு, சென்னை இவற்றில் ஒன்றில் தரவு மையம் உள்ள நிறுவனமாகப் பாருங்கள். நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றை முதலில் உருவாக்குங்கள்: ‘ஃபால்லொகேட்’, ‘எம்கேஸ்வாப்’, ‘ஸ்வாப்ஆன்’, பிறகு ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ஒரு வரி. ஏதாவது வேலை நடுவே ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றால் நினைவகம் தீர்ந்தது என்று பொருள்.

தளத்தைச் சர்வருக்கு அனுப்பும் கருவியான கமல், தளமும் அதற்கு வேண்டியவையும் அடங்கிய டாக்கர் இமேஜை உங்கள் கணினியில் கட்டி, களஞ்சியத்துக்கு ஏற்றி, அங்கிருந்து சர்வர் இறக்கிக்கொள்ளும். மலையிலிருந்து சில நூறு எம்பியை மேலேற்றுவதுதான் உங்களுக்குத் தடை. ‘டிப்ளாய்.யாமல்’ கோப்பில் ‘பில்டர்’ பகுதியில் ‘ரிமோட்’ என்று வேறொரு சர்வரின் எஸ்எஸ்எச் முகவரியைக் கொடுத்தால் கட்டும் வேலை அங்கேயே நடக்கும். உங்களிடமிருந்து போவது மூலநிரல் மட்டும். தளம் ஓடும் அதே 1 ஜிபி சர்வரைக் கட்டவும் பயன்படுத்தாதீர்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலிருந்து ‘கமல் டிப்ளாய்’ ஓட்டுவதும் நல்ல வழி. விண்டோஸில் தொடங்கிய திட்டமென்றால் முதலில் ‘பண்டில் லாக் --ஆட்-பிளாட்ஃபார்ம்’ கொடுத்து 64 பிட் லினக்ஸைச் சேருங்கள். இல்லாவிட்டால் கட்டும்போது பண்ட்லர் மறுக்கும்.

மாற்றியது தளத்தில் தெரியவில்லையே என்று தேடும் முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். கமல் கட்டுவது கமிட் செய்ததை மட்டும். புதிய கண்டெய்னர் (இமேஜிலிருந்து ஓடும் பிரதி) ஆரோக்கியமாக எழவில்லை என்று வந்தால் ‘கமல் ஆப் லாக்ஸ்’ படியுங்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது, திட்டத்தின் ரகசியங்களைத் திறக்கும் மாஸ்டர் கீ போய்ச் சேராதது. அந்தக் கீ கிட்டில் ஏறாது, உங்கள் லேப்டாப் போனால் அதுவும் போகும், வேறிடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

எஸ்க்யூலைட் கோப்பு இருக்கும் ‘ஸ்டோரேஜ்’ கோப்புறைக்கான ‘வால்யூம்ஸ்’ வரி டிப்ளாய் கோப்பில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வேண்டாத வரி என்று நீக்கிவிட்டால் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் டேட்டாபேஸ் காலியாகப் பிறக்கும். பேக்கப் எடுக்க அந்தக் கோப்பை ‘சிபி’ கட்டளையால் நகலெடுக்காதீர்கள். ரெயில்ஸ் இப்போது எஸ்க்யூலைட்டை ‘டபிள்யூஏஎல்’ முறையில் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை) ஓட்டுகிறது, கடைசியாக எழுதியவை பக்கத்துக் கோப்பில் இருக்கலாம். எஸ்க்யூலைட்டின் ‘.பேக்கப்’ கட்டளையை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் இரவு இரண்டு மணிக்கு ஓட்டி, கிடைத்த கோப்பை அந்தச் சர்வருக்கு வெளியே அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதை உங்கள் கணினியில் திறந்து, கடைசி நாள் பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.